மறதியா, காதா?

அன்பு மகளுக்கு,

"அப்பா, இதையே மூணு தடவை கேட்டுட்டீங்க" என்று நீ போனில் சொன்னதும் சிரித்து மழுப்பினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நம் கோப்பிக்கடை நண்பர் ஞாபகத்துக்கு வந்தார். முப்பது வருடம் கணக்கர் வேலை பார்த்தவர், சில்லறையை உள்ளங்கையில் விரித்து, எது எவ்வளவு என்று தெரியாமல் நின்றாரே, அவர்தான்.

அம்மா கையோடு பாலிகிளினிக் அழைத்துப் போனாள். ஒரு முகவரியைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். எல்லாம் தேறினேன். ஆட்களின் பெயர் தாமதமாக நினைவுக்கு வருவது வயதுக்குச் சகஜமாம். லிஃப்டில் ஏறியபின் சட்டென்று வருகிறதே, அந்த மாதிரி. "காதைச் சோதியுங்கள்" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

அங்கே ஒரு சின்ன அறை. சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்றே நினைத்தேன். சோதனை செய்த பெண், "அங்கிள், சத்தம் வந்துகொண்டேதான் இருக்கிறது" என்றாள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ சொன்னதை நான் மறக்கவில்லை. முதலில் காதிலேயே விழவில்லை. டெக்கா மார்க்கெட் போவதை நிறுத்தியதும் முட்டிவலியால் அல்ல. மீன்காரர் விலை சொல்வது புரியாமல் தலையாட்டி அவமானப்பட்டதால்தான்.

இது காதோடு நிற்பதில்லை. அரைகுறையாக விழுவதைப் பிடிக்கவே மூளை பாடுபடுகிறது. அப்புறம் நாம் பேச்சையே தவிர்க்கிறோம். லான்செட் மருத்துவ இதழ்க் குழுவின் 2024 அறிக்கை, டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. காது, பார்வை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் உண்டு. அத்தனையையும் சரிசெய்தால் டிமென்ஷியா பாதிப்புகளில் சுமார் 45 சதவீதம் வராமலோ தள்ளியோ போகலாமாம். மிச்சம் நம் கையில் இல்லை. அம்மா வாங்கி வந்த சுடோகு புத்தகம் மேசையில் அப்படியே கிடக்கிறது. எனக்கு மார்க்கெட் போதும், நடந்தே போகிறேன்.

எல்பிஏவும் செய்யப்போகிறேன். பின்னால் என்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் எனக்காக முடிவெடுக்க ஒருவரை இப்போதே நியமிக்கும் பத்திரம் அது. பயப்படாதே, புத்தி தெளிவாக இருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும். உன் பெயரைப் போடுகிறேன். சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கில் நுழைந்து நீயும் சம்மதம் கொடுக்க வேண்டும்.

காது மெஷின் வந்துவிட்டது. முதல் நாள் நம் வீட்டு மின்விசிறி இவ்வளவு சத்தம் போடுமா என்று அசந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கத்தாதே.

அப்பா