கில்லரா, நைட்மேரா: அண்ணனுக்கு ஒரு கடிதம்

பீனிக்ஸ், அரிசோனா
2 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்கள், அண்ணி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமா? அம்மாவின் முட்டுவலிக்குப் புது எண்ணெய் தேய்ப்பதாக அண்ணி சொன்னார்கள். வலி குறைந்ததா என்று சொல்லுங்கள். இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை போட்டுவிட்டேன்.

வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் உங்கள் பழைய கச்சேரிக் குழுவைப் பற்றிப் பேச்சை எடுத்தால் நீங்கள் உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படியுங்கள்.

இங்கே வெயில் ஒருவழியாக இறங்கிவிட்டது. கோடையில் பகல் 43, 45 டிகிரி சாதாரணம். 2023-இல் தொடர்ந்து 31 நாள் உச்சவெயில் 43 டிகிரிக்குக் கீழே வரவே இல்லை. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தைப் பார்த்தவன்தான் நானும். ஆனால் வெயிலில் நின்ற காரின் ஸ்டியரிங்கைத் துணி சுற்றிப் பிடிப்பதை இங்கேதான் பார்த்தேன். இப்போது சாயங்காலம் நடக்கப் போக முடிகிறது. ரோட்டோரமெல்லாம் சகுவாரோ என்கிற கள்ளி, மூன்று ஆள் உயரத்தில், கை தூக்கி நிற்கிற மாதிரி நிற்கும். அந்தி வெளிச்சத்தில் அதைப் பார்க்கிறபோது இந்த ஊர் பிடித்துப்போய்விடுகிறது.

முந்தாநாள் இங்கே ஹாலோவீன். பிள்ளைகள் எலும்புக்கூடு, பேய், சூனியக்காரி என்று வேஷம் போட்டு வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்டார்கள். எனக்குக் குலசை தசராதான் ஞாபகம் வந்தது. காளி வேஷம் கட்டிக் காணிக்கை கேட்டு வருகிறவர்களைப் பார்த்து நாம் பயந்ததே இல்லையே. நான் எழுத வந்த விஷயத்துக்கும் வேஷத்துக்கும் சம்பந்தம் உண்டு.

நான் வேலை பார்ப்பது சாண்ட்லரில், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை ஷிஃப்ட். எனக்கு இன்னும் வண்டி இல்லாததால், எங்கள் பக்கத்திலிருந்து போகிற இரண்டு பேருடன் சேர்ந்து போகிறேன். பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். வண்டி ஓட்டுகிறவருக்கு 68 வயது. முன்சீட்டில் உட்காருகிற அம்மாவுக்கு 58. இங்கே வயது பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு இன்னும் அது வாயில் வரவில்லை. இந்தக் கடிதத்தில் பெரியவர், அந்த அம்மா என்றே எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் நான் பின்சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசுகிற வேகம் பிடிபடவில்லை. திரும்பத் திரும்ப வந்த இரண்டு சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டேன்: கில்லர், நைட்மேர். இரண்டும் ஆலிஸ் கூப்பர் என்ற பெயரில் வந்த ராக் இசை ஆல்பங்கள். எது சிறந்தது என்று அந்த இரண்டு பேரும் பல வருஷமாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆலிஸ் கூப்பர் என்றால் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது 77 வயதாகிற ஆண். சொந்தப் பெயர் வின்சென்ட் ஃபர்னியர். கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை வழிய, கழுத்தில் மலைப்பாம்போடு மேடை ஏறுவார். பாட்டுக்கு நடுவே அவரைத் தூக்கில் போடுவார்கள், இல்லையென்றால் கில்லட்டினில் தலையை வெட்டுவார்கள். ஷாக் ராக் என்று இதற்குப் பெயர். ஆளோ ஒரு போதகரின் மகன், தினமும் கோல்ஃப் ஆடுகிறவர், நாற்பது வருஷத்துக்கு மேலாகக் குடியைத் தொடாதவர். பேட்டிகளில் ஆலிஸைப் பற்றி வேறு யாரையோ போல ‘அவன்’ என்றுதான் பேசுவார். கெட்டவன் வேஷம் என்றால் கடைசியில் அவனுக்குத் தண்டனை கிடைத்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. கூத்தில் துரியோதனனைக் கொல்லாமல் விட்டால் நம் ஜனங்கள் எழுந்து போவார்களா? அந்த நியாயம்தான்.

அவர் பிறந்தது டெட்ராய்ட். சின்ன வயதில் உடம்புக்கு முடியாமல் இருந்ததால் குடும்பம் இந்த வறண்ட ஊருக்கு வந்தது. அவர் படித்த கார்டெஸ் பள்ளிக்கூடம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே நெடுந்தூர ஓட்டக் குழுவில் அவரோடு ஓடியவர் டென்னிஸ் டனவே. இருவரும் பள்ளி விழாவுக்காக பீட்டில்ஸ் மாதிரி விக் வைத்து மேடை ஏறினார்கள். உண்மையாகவே கிடார் வாசிக்கத் தெரிந்த ஒருவனாகக் க்ளென் பக்ஸ்டன் சேர்ந்தார். டனவே பேஸ் கிடார் கற்றுக்கொண்டார். அப்புறம் இதே ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள்: கிடாருக்கு மைக்கேல் புரூஸ், டிரம்ஸுக்கு நீல் ஸ்மித். ஸ்மித்தின் சகோதரியைப் பிறகு டனவே கல்யாணம் செய்துகொண்டார், ஆக மச்சான் உறவும் உண்டு. அண்ணா, ஆலிஸ் கூப்பர் என்பது முதலில் இந்த ஐந்து பேரின் குழுவுக்குப் பெயர். பாடகருக்கு அந்தப் பெயர் அப்புறம்தான் ஒட்டிக்கொண்டது.

கில்லர் வந்தது 1971 கடைசியில். பெரியவருக்கு அப்போது 14 வயது. அவருடைய அண்ணன் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் வாங்கி வந்தாராம். சிவப்பு அட்டை, அதில் பாம்பின் தலை. நீல் ஸ்மித் வளர்த்த பாம்பு அது. உள்ளே 1972-க்கான காலண்டர், அதில் ஆலிஸ் தூக்கில் தொங்குகிற படம். அவர்கள் அம்மா அதைக் கிழித்துப் போட்டார்களாம், அண்ணன் பசை போட்டு ஒட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாராம். அந்த அண்ணன் இப்போது இல்லை. வண்டியில் ஓடுவது அவர் விட்டுப்போன சிடிதான்.

பெரியவரின் வாதம் இதுதான். கில்லரில் எட்டே பாட்டு, ஒன்றைக்கூடத் தள்ள முடியாது. ஐந்து பேரும் ஒரே கூரைக்கு அடியில் சாப்பிட்டுத் தூங்கி வாசித்த காலம் அது, அதனால்தான் ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புகிறார். ‘ஹேலோ ஆஃப் ஃப்ளைஸ்’ எட்டு நிமிடத்துக்கு மேல் போகும். ஐந்தாறு பாட்டின் துண்டுகளைக் கோத்த மாதிரி தாளம் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் எங்கேயும் தையல் தெரியாது. ‘டெட் பேபீஸ்’ என்ற பெயரைக் கேட்டே ஊர் கொதித்தது. பாட்டைக் கேட்டால், பெற்றவர்கள் கவனிக்காமல் விட்டதால் மாத்திரையை அள்ளித் தின்று செத்துப்போன ஒரு குழந்தையின் கதை. திட்டியவர்கள் பாட்டைக் கேட்கவில்லை என்று பெரியவர் சொல்கிறபோது குரல் இன்னமும் உயர்கிறது.

அந்த அம்மா விடமாட்டார். கில்லர் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 21-ஆம் இடம்தான், ‘வெல்கம் டு மை நைட்மேர்’ 5-ஆம் இடம் என்பார். ஐந்து பேர் வாசித்தது என்கிறீர்களே, கில்லரின் முதல் பாட்டில் வருகிற கிடார் சோலோ ரிக் டெரிஞ்சர் என்ற வெளியாள் வாசித்ததுதானே என்று மடக்குவார். இதற்கு மட்டும் பெரியவரிடம் பதில் இல்லை, கண்ணாடியைச் சரிசெய்வார்.

நைட்மேர் வந்தது 1975-இல். அதற்குள் குழு உடைந்துவிட்டது. சிறிது காலம் ஆளாளுக்குத் தனி ஆல்பம் செய்துவிட்டு மறுபடி சேரலாம் என்றுதான் பேச்சு. சேரவில்லை. பெயரைப் பாடகர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கில்லரைச் செய்த அதே பாப் எஸ்ரின்தான் இதற்கும் தயாரிப்பாளர். வாசித்தவர்கள் வேறு. ஸ்டீவன் என்ற பையன் காண்கிற கெட்ட கனவாக ஆல்பம் முழுக்கக் கதை போல் ஓடுகிறது. பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் நடுவில் வந்து சிலந்தியைப் பற்றிப் பேசுகிறார். வயலின் கூட்டம், கோரஸ், எல்லாம் உண்டு. பெரியவருக்கு அது “நாடகம்”. அந்த அம்மாவுக்கு அந்த நாடகம்தான் வேண்டும்.

அவர் நைட்மேரை விடாததற்கு வேறு காரணமும் இருக்கிறது. அதில் ‘ஒன்லி விமன் ப்ளீட்’ என்று மெதுவான பாட்டு, புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு வாழ்கிற பெண்ணைப் பற்றியது. அவருடைய அம்மா சமையலறையில் ரேடியோவைத் திருப்பி அந்தப் பாட்டு வந்தால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு நிற்பாராம். எட்டு வயதில் தனக்கு ஏன் என்று புரியவில்லை என்றார் ஒரு நாள் விடிகாலையில். அன்றைக்குப் பெரியவர் கில்லர் பேச்சையே எடுக்கவில்லை. வீடு வரும் வரை அந்தப் பாட்டையே இரண்டு தடவை போட்டார்.

இனி நான் வாய் திறந்த கதை. போன டிசம்பரில் அந்த அம்மா நைட்மேர் சிடியின் அட்டையைப் பின்னால் நீட்டி, பார் என்றார். வாசித்தவர்கள் பட்டியலில், பேஸ் கிடார்: பிரகாஷ் ஜான். நான் சத்தமாக அந்தப் பெயரைப் படித்தேன். யார் இவர், இந்தியரா என்று கேட்டேன். பம்பாயில் பிறந்தவர், பையனாகக் கனடா வந்தவர், லூ ரீட் என்ற ராக் பாடகரின் குழுவில் வாசித்துவிட்டு இங்கே வந்தார் என்று அந்த அம்மா சொன்னார். பிரகாஷ் என்றால் என்ன அர்த்தம் என்று பெரியவர் கேட்டார். ஒளி என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பின்சீட்டைப் பார்த்து “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்கிறார்கள். அண்ணா, இந்த ஊரில் என் அபிப்பிராயத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. அன்றைக்கு ஷிஃப்ட் போனதே தெரியவில்லை.

என் அபிப்பிராயமா? ஆல்பம் என்றால் கில்லர். ஒற்றைப் பாட்டு என்றால் அந்த அம்மாவின் பாட்டுத்தான். நைட்மேரில் வாசித்தவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள், ஒரு சுரம் பிசகாது. ஆனாலும் கில்லரில் நீல் ஸ்மித் வாசிக்கிறதைக் கேட்டால் எனக்கு உங்கள் கைதான் தெரிகிறது. பாடகர் மூச்சு விடுகிற இடம் தெரிந்து அடிக்கிறார். கொடைக் கச்சேரியில் ராத்திரி ஒரு மணிக்கு உங்கள் பாடகருக்குத் தொண்டை கட்டினால், அவர் சொல்லாமலே நீங்கள் டிரம்ஸில் இழுத்து அவருக்குத் தண்ணீர் குடிக்க நேரம் வாங்கிக் கொடுப்பீர்களே, அது.

நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் குழுவின் பெயரோடு உங்கள் பாடகர் சென்னைக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது. உங்களுக்கு நடந்தது அநியாயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நீல் ஸ்மித்துக்கும் அதுதான் நடந்தது. அவரும் டனவேயும் புரூஸும் 1977-இல் தனியாக ஓர் ஆல்பம் போட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. க்ளென் பக்ஸ்டன் 1997-இல் இறந்துவிட்டார். ஆனால் இந்த ஜூலையில் மிச்சமிருந்த நான்கு பேரும் எஸ்ரினோடு சேர்ந்து முழு ஆல்பம் வெளியிட்டிருக்கிறார்கள், ஐம்பது வருஷத்துக்கு அப்புறம். பக்ஸ்டன் எப்போதோ வாசித்து வைத்த கிடார் ஒன்றையும் அதில் ஒரு பாட்டில் சேர்த்திருக்கிறார்கள். பெரியவர் அதை முதல்முறை போட்டபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். அண்ணனோடு கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை, வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் போனோம்.

பங்குனிக் கொடைக்குச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்க உங்கள் பாடகர் வீட்டுக்கு வந்ததாகவும், நீங்கள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை என்றும் அம்மா சொன்னாள். பழைய கீபோர்டுக்காரர் இருக்கிறார், டோலக்குக்காரர் இருக்கிறார். எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள், அண்ணா. அவர் மறுபடி வந்தால் வெளியே வந்து உட்காருங்கள். வாசிப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

நீங்கள் கேட்ட 5ஏ டிரம்ஸ் ஸ்டிக் இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன். சாண்ட்லரிலிருந்து ஒரு குடும்பம் டிசம்பரில் திருநெல்வேலி வருகிறது, அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். ‘ஹேலோ ஆஃப் ஃப்ளைஸ்’ பாட்டை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். நடுவில் டிரம்ஸ் தனியாக வருகிற இடத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று பெரியவர் கேட்டுவரச் சொன்னார். புதன்கிழமை உங்களுக்குக் காலை எட்டரை, எனக்குச் செவ்வாய் ராத்திரி எட்டு. அன்றைக்கு எனக்கு ஓய்வு. கூப்பிடுகிறேன், அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
தம்பி