முகங்களைத் தந்த நெடுந்தீவு மக்களுக்கு ஒரு நன்றி மடல்

நெடுந்தீவின் பெரியோர்களுக்கும் தாய்மாருக்கும் இளையோருக்கும், ஊரைப் பிரிந்து தூர தேசங்களில் வாழும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் என் பணிவான வணக்கம்.

உங்கள் ஊரில் நான் எடுத்த படங்கள் சென்ற மாதம் உங்கள் ஊரிலேயே, பாடசாலை மண்டபத்தில், முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வைத்தால் கூடுதலான பேர் பார்ப்பார்கள் என்று நண்பர்கள் சிலர் அக்கறையோடு சொன்னார்கள். ஆனால் படத்தில் இருப்பவர்கள் பார்ப்பதற்கு முன் அந்தப் படங்களை வேறு எவருக்கும் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. வெயிலையும் பாராமல் சைக்கிளிலும் கால்நடையாகவும் வந்து, ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, இன்னாருடைய மகள், இன்னாருடைய பேரன் என்று உறவு சொல்லிப் பார்த்த உங்கள் எல்லோருக்கும் அன்று தனித்தனியே நன்றி சொல்ல இயலவில்லை. அதனால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

யாழ்ப்பாண நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் உதவியாளனாகத்தான் இத்தொழிலுக்கு வந்தேன். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் படம் எடுப்பது, கல்யாணவீட்டுக்கும் சாமத்தியவீட்டுக்கும் கமராப் பையைச் சுமந்து போவது, இரவில் இருட்டறையில் படம் கழுவுவது என்பவையே அன்றைய என் வேலைகள். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் பாதைகள் திறந்தபோது, கல்யாணம் ஒன்றைப் படமெடுப்பதற்காக முதலாளி என்னை நெடுந்தீவுக்கு அனுப்பினார். ஒரு நாளில் முடிய வேண்டிய அந்த வேலைதான், இன்று திரும்பிப் பார்க்கையில், என் தொழில் வாழ்க்கை முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறது. என்னை அன்று அனுப்பியவரும், 2006 ஆகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டு யாழ்ப்பாணத்தில் எல்லாப் பொருளுக்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில் தன்னிடம் எஞ்சியிருந்த ஃபிலிம் சுருள்களில் பாதியை, ஆச்சிமாரை எடு என்று சொல்லி என் கையில் தந்தவருமான அந்த முதலாளிக்கு என் முதல் நன்றி. அவர் இன்று இல்லை. அந்தச் சுருள்களில் பதிவானவர்களிலும் பெரும்பாலோர் இன்று இல்லை என்பதனால், அவர் தந்தது எவ்வளவு பெரிய கொடை என்பது ஆண்டுதோறும் எனக்குக் கூடுதலாக விளங்குகிறது.

தீவுக்கு வருவோர் எவரும் படகுக்காரருக்குக் கடன்பட்டவர்களே. 776 ஆம் இலக்கப் பேருந்தில் புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசி மூட்டைகளுக்கும் எரிவாயு உருளைகளுக்கும் நடுவே என் கமராப் பைக்கு நனையாத இடம் தேடித் தந்தவர்களும், இன்று திரும்பிப் போக முடியாது, இங்கேயே தங்குங்கள் என்று காற்றைப் பார்த்தே முன்கூட்டிச் சொன்னவர்களும் அந்தத் தொழிலாளர்கள்தாம். 1985 மே 15 ஆம் நாள் குமுதினிப் படகில், நடுக்கடலில் கொல்லப்பட்ட உங்கள் உறவுகளுக்கான நினைவிடம் மாவிலித்துறையில் நிற்கிறது. அந்த நாளில் அங்கு கூடுவோரின் முகங்களை நான் ஒருபோதும் கிட்ட நின்று எடுத்ததில்லை. இனியும் எடுக்கப் போவதில்லை. ஆனாலும் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் சிலர் பின்னர் தம் வீடுகளுக்கு என்னை அழைத்து, தம்மவரின் பழைய படங்களைப் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தந்து, செல்லரித்துப் போகுமுன் பிரதியெடுத்துத் தரும்படி கேட்டார்கள். ஒரு படப்பிடிப்பாளனை இதற்கு மேல் நம்ப முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நெடுந்தீவின் வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவும் எனக்கு ஆட்களால் காட்டப்பட்டதே. மலையோ மேடோ இல்லாத, சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தத் தட்டை நிலத்தில் மதிய வெயில் மிகக் கடுமையானது. அந்நேரத்தில் எந்தப் படப்பிடிப்பாளரும் கமராவை மூடிவைத்து விடுவார். முருகைக்கல் வேலி அடுக்கும் பெரியவர் ஒருவர்தான், தம் வேலியின் நிழற்பக்கத்தில் என்னை இருத்தி, எதிர்வேலியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார். சாந்தும் சீமெந்தும் இல்லாமல், கல்லின் மேல் கல்லைப் பொருத்தியே எழுப்பப்படும் அந்த வெள்ளை வேலிகள் வெயிலை வாங்கி மென்மையாக்கி முகத்தின் மீது திருப்பி விடுகின்றன. நகரத்து ஸ்ரூடியோவில் வெள்ளைக் குடைகளைக் கட்டி நாங்கள் செய்ய முயன்றதை அந்தக் கற்கள் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கின்றன. என் படங்களில் பலர் பாராட்டும் அந்த வெளிச்சத்துக்கு உரியவர் அந்தப் பெரியவர் என்பதை இங்கு பதிவு செய்கிறேன்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கடன் ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் உரியது. தொடக்கத்தில் நான் எடுக்க விரும்பியவை அவர்கள் வேலை செய்யும் கோலங்களே: ஒடியலுக்குப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைக்கும் கைகள், பனங்களி காயும் பனாட்டுப் பாய், கிணற்றடி, வலை. அவர்கள் கேட்டதோ வேறு. தலை இழுத்து, நல்ல சேலை உடுத்து, கதிரையில் நேராக அமர்ந்து, கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப ஒரு படம். நாளை தாம் இறந்த முப்பத்தோராம் நாளில் அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவு நூலில் போடுவதற்கும் அதுவே உதவும் என்று சற்றும் தயங்காமல் சொல்வார்கள். அப்படி எடுத்த படங்கள் எத்தனையோ கல்வெட்டுகளின் முதற்பக்கத்தில் அச்சாகி என் கைக்கே திரும்பி வந்திருக்கின்றன. கலை என்று எதைச் சொல்வது என்று பலரும் பலவாறு பேசுகிறார்கள். என்னளவில், தம்முடைய முகம் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்து என் முன் அமர்ந்த அந்த மூத்தோரின் படங்களே நான் செய்த வேலைகளில் சிறந்தவை, மற்றவை எல்லாம் அவற்றுக்குப் பின்னரே வரும்.

குதிரைகளின் படங்கள் மண்டபத்தில் குறைவாக இருந்ததைச் சிலர் கேட்டார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் அவற்றையும், பெருக்க மரத்தையும், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும், புறாக்கூட்டையும் படமெடுக்க எத்தனையோ பேர் வருகிறார்கள். கோடையில் நீர் வற்றிக் குதிரைகள் தவிக்கும்போது, தம் பாவனைக்கே அளந்து எடுக்கும் நீரில் ஒரு பங்கை அவற்றுக்கு ஊற்றி வைக்கும் மனிதர்களை எவரும் எடுப்பதில்லை. ஆதலால் அவர்களுடைய படங்களுக்கு நடுச்சுவரைக் கொடுத்தேன்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு: ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து நள்ளிரவுகளில் தொலைபேசியில் அழைத்து, பெயர் தெரியாத முகங்களுக்குப் பெயரும், பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு அவற்றில் வாழ்ந்தவர்களின் கதையும் சொன்னீர்கள். உங்கள் உதவி இல்லாவிட்டால் பல படங்களின் கீழ் ஆண்டு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். கண்காட்சிக்கான அச்சுச் செலவைப் பகிர்ந்துகொண்டவர்கள் தம் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள், அதை மதிக்கிறேன்.

மண்டபத்தைத் தந்து தம் மாணவர்களையே வழிகாட்டிகளாக நிறுத்திய அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும், வீடு வீடாக என்னை அழைத்துச் சென்று அறிமுகம் செய்த கிராம அலுவலர்களுக்கும், காய்ச்சலில் படுத்த நாள்களில் கவனித்த வைத்தியசாலைத் தாதியருக்கும், துறைமுகத் தேநீர்க்கடை அண்ணனுக்கும், தங்கிய வீடுகளில் ஒடியற்கூழ் காய்ச்சித் தந்து, கூலி எதுவும் வாங்க மறுத்த அக்காமாருக்கும், இந்த ஊரோடு என் நாள்களைப் பங்கிட்டுக்கொள்ள இசைந்த என் மனைவிக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

சுவரில் இருந்த படங்கள் அனைத்தும் அவரவர் குடும்பத்துக்கே உரியவை. அவற்றைப் பாடசாலை நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். இன்னும் பெற்றுக்கொள்ளாதவர்கள் பாடசாலை நாள்களில் சென்று பெறலாம். வெளிநாட்டில் இருப்போர் தம் உறவினர் ஒருவரிடம் சொல்லி வைத்தால் போதும். பெயர் கண்டறியப்படாத முகங்கள் சில எஞ்சியுள்ளன. அவற்றின் பிரதிகள் நூலகத்தின் வாசலருகே தொங்குகின்றன. அறிந்தவர்கள் கீழே உள்ள தாளில் பெயரையும் உறவையும் எழுதி உதவுங்கள். அடுத்த தை மாதம் கிழங்கு கிண்டும் நாள்களில் வருகிறேன். படம் எடுக்க வேண்டிய மூத்தோர் வீட்டில் இருந்தால் கிராம அலுவலரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். முதலில் அந்த வீடுகளுக்கே வருவேன்.