கை பழகியிருக்கிறது, வயதுதான் இடிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூரில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் என்று உங்கள் பேப்பரில் செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். 18 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம் என்று இருக்கும். எனக்கு 49.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 23 வருஷம் வேலை பார்த்தேன். பசை தடவுகிற டேபிளில் சேர்ந்து, அப்புறம் மெஷினில் உட்கார்ந்து, கடைசி ஆறு வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல் பாகம், தைக்கிற லைனுக்கு சூப்பர்வைசர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைந்தது. முதலில் ஓ.டி. நின்றது, பிறகு வாரத்தில் இரண்டு நாள் லைன் ஓடவில்லை, அப்புறம் ஒரு சனிக்கிழமை எங்களை ஐந்தைந்து பேராக ஆபீசுக்குக் கூப்பிட்டு, "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் செட்டில்மென்ட் உடனே வரும் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். எனக்கு என்ன சொந்தக் காரணம்? பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியதுதான் என் சொந்தக் காரணம், அதற்கு வேலைக்குப் போகத்தான் வேண்டும்!

இதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும், அது கிராஜுவிட்டி போகத் தனி. நாமே விலகுகிறோம் என்று எழுதிவிட்டால் அந்த இழப்பீடு இல்லை. இ.எஸ்.ஐ.யில் வேலை இழந்தவர்களுக்கு 2018-லிருந்து ஒரு திட்டம் இருக்கிறது, 90 நாள் வரைக்கும் சராசரி தினக்கூலியில் பாதி தருவார்கள், வாழ்நாளில் ஒரு முறைதான். அதற்கும் நாமாகப் போகவில்லை என்று காட்ட வேண்டும், என் கையெழுத்தோ நானாகப் போனதாகச் சொல்கிறது. இதில் கம்பெனி இருப்பது திருப்பத்தூர் மாவட்டம், நான் இருக்கும் பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம். 2019-ல் பிரித்ததிலிருந்து எந்தக் காகிதத்துக்கு எந்த ஊருக்கு பஸ் ஏறுவது என்பதே ஒரு வேலை.

சரி, முகாமுக்கு வருகிறேன். வயதைப் பார்க்காமல் போய் வரிசையில் நின்றேன், ஒரு கம்பெனிக்காரர் மட்டும் மறுநாள் வந்து தைத்துக் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போஸ்ட் பெட் மெஷினில், அதாவது தூண் மாதிரி உயர்ந்த மேடை வைத்த ஷூ தையல் மெஷினில், நூல் கோத்தேன். தோல் துணி மாதிரி இல்லை, ஊசி ஒரு தடவை தப்பாக இறங்கினால் அந்த ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க முடியாது. வளைவு வரும்போது ஊசியைத் தோலிலேயே நிறுத்தி, தோலை அழுத்திப் பிடிக்கிற மெஷின் காலை லேசாகத் தூக்கித் தோலைத் திருப்ப வேண்டும், புதுசாக வருகிற பெண்களுக்கு இது ஒன்று பிடிபடவே மாசக்கணக்கில் ஆகும். இரண்டு வரிசைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தம்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் சூப்பரா இருக்கும்மா, ஆனா 35-க்கு மேல போட்டா சிஸ்டம் எடுக்காது" என்றான். அவன் மேல் கோபமில்லை, என் பெரிய பையன் வயதுதான் இருக்கும்.

இப்போது வீட்டில் அப்பர் கைத்தையல் வாங்கிப் போடுகிறேன், ஜோடிக்கு 15 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது, ராத்திரி விரல் மடக்க முடியவில்லை. அரசு தருகிற வேலையில்லாதோர் உதவித்தொகை பத்தாவது படித்தவர்களுக்கு மாதம் 300 ரூபாய்தான், அதற்கும் 40 வயதுதான் உச்சம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 45. எனக்கு அதுவும் இல்லை.

2022-ல் காலணி, தோல் பொருள்களுக்கு என்றே தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதன்படி புதுசாக வருகிற ஷூ கம்பெனிகளுக்கு மானியம், சலுகை எல்லாம் உண்டு. கொடுக்கட்டும், ஊருக்குத் தொழில் வந்தால் நல்லதுதான். ஆனால் மக்கள் பணத்தில் சலுகை வாங்குகிற கம்பெனி நூறு பேரை எடுத்தால் அதில் பத்துப் பேராவது 40 தாண்டிய, லைனில் வேலை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க முடியாதா? புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க எப்படியும் ஆள் வேண்டும், அந்த ஆள் நாங்கள்தான்.

அடுத்த முகாம் செய்தி போடும்போது, அந்தக் கடைசி வரியில் ஏன் 35 என்று உங்கள் நிருபர் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் சொல்வதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்