முதலில் தரை, பிறகு காலணி: நம் ஷூ கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் காலணித் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் வேலூரில் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். கழுத்து நிற்கத் தாமதமாகும் குழந்தை, ஒரு பக்கமாகவே புரளும் குழந்தை, ஒன்றரை வயதாகியும் எழுந்து நிற்காத குழந்தை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருடைய தாய்மார்கள் உங்கள் ஊழியர்கள். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிறவர்கள், தோலின் ஓரம் சீவுகிறவர்கள், பசை தடவுகிறவர்கள், பெட்டியில் அடுக்குகிறவர்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள். ஐரோப்பாவில் எங்கோ ஒரு குழந்தை போட்டுக்கொண்டு ஓடும் ஷூவில் இவர்கள் போட்ட தையல் இருக்கிறது.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். இந்தத் தாய்மார்களின் குழந்தைகள் தவழ்ந்து எழுவதற்கு உங்கள் வளாகத்தில் ஒரு நல்ல தரை வேண்டும். அவர்கள் நடக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கால்களுக்குப் பொருந்துகிற ஒரு காலணியை நீங்கள் செய்து தர வேண்டும். இரண்டும் வேறு வேறு துறை என்று தோன்றலாம். குழந்தையின் பாதத்தைப் பார்த்துப் பேசினால் இரண்டும் ஒரே விஷயம்தான்.

முதலில் தரையைப் பற்றிச் சொல்கிறேன்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையை உற்றுப் பார்த்தவர்கள். 5ஆம் மாதத்துக்குச் செங்கீரை என்று வகுத்தார்கள். ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி அசைகிற கோலம் அது. 9ஆம் மாதம் சப்பாணி. முதுகு தானாக நிற்க, ஊன்றியிருந்த கைகள் விடுபட்டால்தான் குழந்தையால் கைகொட்ட முடியும். 13ஆம் மாதம் வருகை. தாய் எட்டி நின்று அழைக்க, குழந்தை தளர்நடை போட்டு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட கணக்கும் இதிலிருந்து வெகுதூரம் விலகவில்லை. பிடிப்பின்றி உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதத்துக்குள், துணையில்லாமல் நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். எவ்வளவு அகலமான கால இடைவெளி என்று பாருங்கள். பத்து மாதத்தில் நடந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காட்டி, பதினைந்து மாதமாகியும் நடக்காத குழந்தையின் தாயை உறவுக்காரர்கள் குத்திப் பேசுவதில் ஒரு நியாயமும் இல்லை. அந்த ஆய்வில் நூற்றில் நான்கு பேர் தவழாமலேயே நடந்துவிட்ட குழந்தைகள்.

எல்லை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 9 மாதம் தாண்டியும் உட்காராத குழந்தை, 18 மாதமாகியும் நடக்காத குழந்தை, ஒரு கையையோ ஒரு காலையோ மட்டுமே பயன்படுத்தும் குழந்தை, கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும் குழந்தை, செய்துகொண்டிருந்ததைத் திடீரென்று மறந்துவிட்ட குழந்தை ஆகியோரை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்கென்றே மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் அமைக்கும் திட்டம் 2013லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாள் விடுப்புக் கேட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்று தள்ளிப்போட்டு, மாதங்கள் கழித்து வந்து நிற்கும் தாய்மார்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது உங்கள் ஊழியரின் நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டம் தரும் மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஆக, குழந்தை செங்கீரை ஆடும் மாதத்தில், அல்லது அதற்குச் சற்றுப் பின், தாய் மீண்டும் தையல் இயந்திரத்துக்குப் போகிறாள். உட்காருவது, தவழ்வது, சுவரைப் பிடித்து எழுவது, நடப்பது எல்லாமே அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் நடக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் பாட்டி இருப்பார். அவருக்கு மூட்டுவலி. அடுப்பும் தண்ணீர்க் குடமும் அவர் பொறுப்பு. தவழும் குழந்தையின் பின்னால் அவரால் ஓட முடியாது. விழித்திருக்கும் நேரத்திலும் குழந்தை தூளியிலேயே கிடக்கிறது. இல்லாவிட்டால் சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார வைக்கப்படுகிறது. பாட்டியை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் அந்த வாக்கர் நடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது, குழந்தை நுனிக்காலால் உந்திப் பழகுகிறது, தன் பாதத்தைத் தானே பார்க்கவும் முடியாது. வாசற்படியில் கவிழ்ந்து தலையில் அடிபடுவதும் உண்டு. கனடா நாடு 2004லேயே இதை விற்கக் கூடாது என்று தடை செய்துவிட்டது. நம் பழைய மர நடைவண்டி வேறு வகை. அதைப் பிடித்துத் தள்ளுவதற்குக் குழந்தை முதலில் தன் காலில் நிற்க வேண்டும்.

இன்னும் நகரத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும் வேளையில் நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடமாவது, சிறிது சிறிதாகப் பிரித்து, குப்புறப் படுக்க விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரே நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிலும் கட்டிவைக்கக் கூடாது என்றும் சொன்னது. தரையில் குப்புறக் கிடக்கும்போது குழந்தை தலையைத் தூக்குகிறது. அதனால் தோளும் முதுகும் உறுதியாகின்றன. எட்டாத ஒரு கிண்ணத்தை எட்டப் பார்க்கும்போது உடம்பு தன் அச்சில் சுழலக் கற்கிறது. கட்டில் காலைப் பிடித்து எழும்போது கால்விரல்கள் தரையைப் பற்றுகின்றன. பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கும்போது இடுப்பு எடையை இடமும் வலமும் மாற்றப் பழகுகிறது. ஒரு கோரைப்பாயும் வெறுங்காலும் இதற்குப் போதும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டுவிட்டால் மட்டும் வழுக்கும்.

அந்தத் தரைக்காகத்தான் உங்களிடம் குழந்தைகள் காப்பகம் கேட்கிறேன். இது புதிய கோரிக்கை இல்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017இன் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் விதித்தது. உங்களில் சிலர் இதை நன்றாகவே நடத்துகிறீர்கள். ஆனால் ஒரு தொழிற்சாலையில் காப்பகம் என்று பலகை மாட்டிய அறைக்குள் அட்டைப்பெட்டிகள்தான் அடுக்கியிருக்கின்றன என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆய்வாளர்கள் வரும் நாளில் மட்டும் பெட்டிகள் வெளியே போகுமாம்.

எனக்கு அந்த அறையில் பளபளப்பான பொம்மைகள் வேண்டாம். கழுவிய தரை, பாய்கள், குழந்தையின் மார்பளவு உயரத்தில் சுவரோரம் பதித்த ஒரு மரக்கம்பி, தண்ணீர், நிழல், பொறுமையுள்ள இரண்டு பெண்கள் இருந்தால் போதும். வாக்கர் அங்கே நுழையக் கூடாது. குழந்தைகளின் காலில் எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்ததாகக் காலணியைப் பற்றி உங்களிடம் பேசுவதற்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது, உங்கள் தொழில் ஆயிற்றே. ஆனால் பாதத்தைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை உண்டு.

ஓராண்டுக் குழந்தையின் பாதத்தில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். உள்ளங்காலின் வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத் திரண்டிருக்கும். அதனால் தட்டையாகத்தான் தெரியும். வளைவு வருவதற்கு ஆறு வயது வரைகூட ஆகலாம். மென்மையான பாதம் என்பதால், இறுக்கமான ஷூ குத்தினாலும் குழந்தை அழுது காட்டாது. விரல்கள் மடங்கி அதற்குள்ளேயே அடங்கிக்கொள்ளும். 1992இல் வெளியான ஆய்வு ஒன்றில் கர்நாடகத்தைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளின் பாதங்களைப் பரிசோதித்தார்கள். காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். அணியாதவர்களில் 2.8 சதவீதம்தான். காலணிகளிலும், விரல்களை மூடிய ஷூக்களில்தான் இந்தக் குறை அதிகம். திறந்த செருப்பிலும் சாண்டலிலும் குறைவு. நம் ஊர்க் குழந்தைகளின் கால்களைப் போன்ற கால்களைப் பார்த்து எழுதிய கணக்கு இது.

ஆனாலும் வேலூரில் வெறுங்காலோடே வளர்க்கலாம் என்று நான் சொல்ல முடியாது. கத்திரி வெயிலில் நம் தெருவின் சிமென்ட் எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கருவேல முள், உடைந்த கண்ணாடி, ஈர மண்ணில் கொக்கிப்புழு எல்லாம் உண்டு. வீட்டுக்குள் வெறுங்கால், வெளியே நடக்கும்போது காலணி. நடக்கத் தொடங்காத குழந்தைக்குக் காலணியே தேவையில்லை. ஷூ போட்டால் சீக்கிரம் நடந்துவிடுவான் என்பது தவறான நம்பிக்கை.

வேலூர் லாங் பஜாரில் ஒரு நாள் நின்று பார்த்தால் நம் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியும். அடியெடுத்து வைத்தால் கீச்சென்று கத்தும் ஷூ, விளக்கு எரியும் ஷூ, பெரியவர்களின் ஷூவை அப்படியே சுருக்கிய கூர்முனை ஷூ. அடிப்பாகம் பலகை மாதிரி வளையாது. உள்ளிருக்கும் ஊதலோ சிறு பேட்டரியோ கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும். அளவு கேட்டால் எண் சொல்வார்கள். ஒரு கம்பெனியின் எண் மற்றொரு கம்பெனிக்குப் பொருந்தாது. இதே வட்டாரத்தில், இதே பெண்களின் கைகளால், அயல்நாட்டுக் குழந்தைகளுக்கு உலகத்தரமான ஷூக்கள் தயாராகின்றன.

நான் கேட்கும் காலணியை மாதிரிக் காலணி செய்யும் உங்கள் அறையில் ஒரே வாரத்தில் செய்துவிடுவீர்கள். முன்பக்கம் அகன்று, ஐந்து விரல்களும் விரியும்படி இருக்க வேண்டும். சோல் மெல்லியதாக, விரல்கள் மடங்கும் இடத்தில் கையால் எளிதில் வளைக்கும்படி இருக்க வேண்டும். ஹீல் வேண்டாம், உள்ளே வளைவைத் தாங்கும் மேடும் வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் ஒரு பட்டையும், பாட்டியால் கண்ணாடி போடாமலே ஒட்டிவிடக்கூடிய வெல்க்ரோவும் போதும். நம் வெயிலுக்கு விரல் திறந்த சாண்டல் வடிவமே நல்லது. பெட்டியின் மேல் காலணியின் உள்நீளத்தைச் சென்டிமீட்டரில் அச்சிடுங்கள். 11 முதல் 14 வரை இருந்தால் நடக்கப் பழகும் வயதுக்குப் போதும். அளவெடுக்கும் முறையையும் மூடியின் உட்புறத்தில் தமிழிலும் உருதுவிலும் போடலாம்: மாலையில், காகிதத்தின் மேல் குழந்தையை நிற்க வைத்து, இரு பாதங்களையும் பென்சிலால் வரைந்து, நீளமான பாதத்தோடு ஒரு சென்டிமீட்டரோ சற்றுக் கூடுதலாகவோ சேர்த்து வாங்கவும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்கவும், அண்ணன் போட்டுத் தேய்த்ததைத் தம்பிக்குப் போட வேண்டாம்.

விலையும் முக்கியம். மூன்று மாதத்தில் சிறிதாகிவிடும் பொருளுக்கு ஒரு தாயால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று உங்கள் சம்பளப் பட்டியலே சொல்லும்.

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பில் படும் தோல் பொருளில், ஒவ்வாமை தரக்கூடிய ஆறிணை குரோமியம் என்ற வேதிப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்திலிருந்து விதித்திருக்கிறது. நீங்கள் அதைச் சோதித்துத்தான் ஏற்றுமதி செய்கிறீர்கள். நம் குழந்தை ஷூவைக் காலில் போடுவதற்கு முன் வாயில் வைத்துக் கடிக்கும். அதற்கும் அதே சோதனை வேண்டும்.

காலுக்கேற்ற காலணி செய்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமலிருக்க எம்.சி.ஆர். என்ற மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பை உருவாக்கினார்கள். மருத்துவரும் செருப்பு தைப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் நடந்த காரியம் அது. இன்று சர்க்கரை நோயாளிகள் பலர் போடுவதும் அந்தச் செருப்புதான்.

சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியப் பாதங்கள் மேலை நாட்டினருடையதைவிட அகலமானவை என்று கண்டது. அந்தக் கணக்கெடுப்பு 4 வயதிலிருந்துதான் தொடங்கியது. அதற்கும் குறைந்த வயதுப் பாதங்களை அளக்க உங்கள் காப்பகங்களைவிட நல்ல இடம் ஏது? லாஸ்ட் எனப்படும் பாத அச்சைச் செய்யும் உங்கள் ஊழியர்களுடன் உட்கார்ந்து, குழந்தைகளின் கால்களை வரைந்து கொடுக்க நானும் என் துறை நண்பர்களும் ஊதியமில்லாமல் வருகிறோம். ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கடைகளுக்குச் சரக்குப் போவதற்கு முன் லாஸ்ட் தயாராக வேண்டும் என்பதால், பதிலைச் சீக்கிரம் சொல்லுங்கள். அட்டைப்பெட்டிகளைக் காப்பகத்திலிருந்து வெளியே எடுப்பதற்கு எங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதை நாளைக்கே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்