வளர்மதிக்கு, தொலைந்த கார்டு பற்றி

அன்புள்ள மகள் வளர்மதிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீ, மாப்பிள்ளை, பேத்திகள் எல்லோரும் நலம்தானே?

நேற்று ராத்திரி நீ பேசும்போது ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் வந்திருந்த விருந்தாளிகளின் பேச்சு, நடுவில் சின்னவளின் அழுகை. நான் சொன்னதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது. இன்று காலையிலும் அவசரமாகத்தான் பேசினோம். கார்டை பிளாக் செய்துவிட்டாய், அது போதும். மீதியை எழுதிவிடுகிறேன். பேங்குக்குப் போகும்போது இதைக் கையில் வைத்துக்கொள்.

முதலில் அழுவதை நிறுத்து தாயி. பஸ்ஸில் பர்ஸ் போயிற்று, அதில் மகளிர் உரிமைத் தொகை ஏடிஎம் கார்டும் போயிற்று. போனது ஒரு பிளாஸ்டிக் அட்டை. 15ஆம் தேதி வருகிற ஆயிரம் ரூபாய் அட்டைக்குள் வருவதில்லை, உன் கணக்கில் வரவாகிறது. இந்த மாதமும் வரும். புதுக் கார்டு வரும்வரை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய், வித்ட்ராயல் ஃபாரம் எழுதிக் கொடுத்து கவுன்ட்டரிலேயே வாங்கிக்கொள். கணக்கில் ஆதார் இணைந்திருந்தால், கைரேகை வைத்துப் பணம் கொடுக்கிற ஏஜென்ட்டிடமும் எடுக்கலாம். ஆனால் கைரேகை வைத்ததும் ரசீதைக் கேட்டு வாங்கி, எவ்வளவு எடுத்ததாகப் போட்டிருக்கிறது என்று பார். ‘மிஷின் எடுக்கல, இன்னொரு தடவை வைங்க’ என்று சொன்னால் இரண்டாவது தடவை வைக்கும்முன் போனில் மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வை.

வித்ட்ராயல் ஃபாரத்தில் ஒன்றைக் கவனி. கல்யாணத்துக்குப் பிறகு நீ மாப்பிள்ளையின் இன்ஷியல் போட்டுக் கையெழுத்துப் போடுகிறாய். பேங்கில் இருக்கும் மாதிரிக் கையெழுத்து நீ காலேஜ் படிக்கும்போது போட்டது, ‘பெ. வளர்மதி’. அதையே போடு. இல்லாவிட்டால் கவுன்ட்டரில் இருப்பவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்குத் திருப்பிக் கொடுத்தவன்தான், அவர்மேல் கோபப்படாதே.

2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். அந்தக் கார்டு கையில் கிடைத்ததும் நீ அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாய், அம்மா தெருவெல்லாம் காட்டினாள். ஒரு கோடிக்கு மேல் பெண்கள் வாங்கினார்கள் என்றாலும், உன் பெயர் போட்ட கார்டு உனக்குப் பெரிதுதான். இப்போது வரப்போகிற கார்டு சாதாரண பேங்க் கார்டாக, திட்டத்தின் பெயரே இல்லாமல் வரலாம். ‘பேர் இல்லையே, பணம் நின்னுடுமோ’ என்று பயப்படாதே. பணம் கணக்கைப் பார்த்து வருகிறது, கார்டின் படத்தைப் பார்த்து வருவதில்லை.

பிளாக் செய்தபோது ஒரு புகார் எண் கொடுத்தார்கள் என்றாய் அல்லவா? அதையும் நேரத்தையும் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதி வை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. நம் கவனக்குறைவால் பணம் போனால், பேங்கில் சொல்லும்வரை போனதெல்லாம் நம் தலையில். சொன்ன பிறகு போனால் அது பேங்கின் தலையில். அதனால்தான் நான் ராத்திரியே பிளாக் செய்யச் சொல்லிக் கத்தினேன். நீ ‘அவர் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கார்’ என்றாய். பர்ஸ் திருடியவனுக்குப் பின் நம்பர் தெரியாதே என்று இருந்துவிட முடியாது. கார்டில் நாலு வளைகோடு போட்டிருந்து, சொருகாமல் காட்டியே பணம் கட்டுகிற அந்த வசதியும் திறந்திருந்தால், கடை மிஷினில் காட்டினாலே போதும், 5,000 ரூபாய் வரை பின் கேட்காமல் போய்விடும்.

பிளாக் ஆன கார்டு நாளைக்கே கிடைத்தாலும் இனி உதவாது. கிடைத்தால் சிப்போடு சேர்த்து வெட்டிப் போடு.

இனி பேங்கில் செய்ய வேண்டியது. புதுக் கார்டு கேட்டு ஒரு மனு, பாஸ்புக், ஆதார் நகல். கட்டணம் உண்டா, எவ்வளவு என்று கேட்டுக்கொள். ஒவ்வொரு பேங்குக்கும் ஒவ்வொரு மாதிரி, கணக்கின் வகையைப் பொறுத்தும் மாறும். கட்டணம் இருந்தால் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். கணக்கில் இப்போது ஒன்றும் இல்லையென்றால் அடுத்து வரும் ஆயிரத்தில் கழியும். அப்போது ‘அரசாங்கம் குறைச்சிடுச்சு’ என்று யாரோ சொல்வார்கள், நம்பாதே. பெயர் அச்சிடாத கார்டு கிளையிலேயே கையிருப்பில் இருந்தால் அன்றே கொடுப்பார்கள். இல்லாவிட்டால் தபாலில் வரும். கணக்கை அந்த ஊர்க் கிளைக்கு மாற்றினோமே தவிர விலாசத்தை மாற்றவில்லை, இன்னமும் நம் வீட்டு விலாசம்தான் இருக்கிறது. அதையும் மாற்றச் சொல்.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே இனிமேல் சொல்லப்போவதற்குத்தான்.

‘பின் நம்பர் மாத்தணும்னா ஓடிபி அவர் போனுக்குத்தானே வரும்ப்பா’ என்று நீ சொன்னாய். கணக்கை மாற்றியபோது உனக்கென்று போன் இல்லை, மாப்பிள்ளை நம்பரைக் கொடுத்தோம். அப்போது அது சரி. இப்போது உன்னிடம் போன் இருக்கிறது. கார்டுக்கு மனு எழுதுவதற்கு முன்னால் நம்பர் மாற்றுகிற ஃபாரத்தைக் கேள். அதுதான் முதல் வேலை. இந்தக் காலத்தில் பின் நம்பர் யாரிடம் இருக்கிறது என்பது பெரிதில்லை. கணக்கோடு சேர்ந்த போன் யாரிடம் இருக்கிறதோ அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப் பின் போட்டுக்கொள்ளலாம்.

என் காலத்தில் பின் நம்பர் ஒட்டிய உறையில் தனியாக வரும். கிழித்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டுத் தாளைக் கொளுத்து என்போம். கேட்டவர்கள் குறைவு, கார்டின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதி வைப்பவர்கள்தான் அதிகம். இப்போது பெரும்பாலும் உறை கிடையாது. புதுக் கார்டை உங்கள் பேங்க் ஏடிஎம்மில் சொருகினால் பின் உருவாக்குகிற பட்டன் ஒன்று திரையில் இருக்கும். அதை அழுத்தினால் கணக்கு நம்பரோ போன் நம்பரோ கேட்கும், ஓடிபி அனுப்பும். அதைக் கொண்டு உன் நாலு எண்ணைப் போட வேண்டும். சில பேங்கில் எஸ்எம்எஸ் அனுப்பியும் கேட்கலாம். தப்பாகப் போட்டுவிட்டால் பதறி மறுபடி மறுபடி அழுத்தாதே. மூன்று தடவை தப்பானால் அன்றைக்குப் பூட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வா. அந்த நேரம் பார்த்து ‘நான் போட்டுத் தரவாம்மா’ என்று ஒருவன் கை நீட்டுவான். கார்டை வாங்கி, திருப்பித் தரும்போது அதே கலரில் வேறு கார்டைத் தருவது அவன் தொழில்.

1234 போடாதே. பேத்திகள் பிறந்த வருஷம், வண்டி நம்பர் இதெல்லாம் வீட்டில் இருப்பவர்களும் தெருவில் இருப்பவர்களும் முதலில் போட்டுப் பார்க்கிற எண்கள். யாருக்கும் எந்தக் கணக்கும் தோன்றாத நாலு எண்ணை எடு. உன் பின் என்னவென்று பேங்கில் இருப்பவருக்கும் தெரியாது, எங்கள் கம்ப்யூட்டரில் எந்தத் திரையிலும் அது வராது. ஆகவே போனில் ‘உரிமைத் தொகை நின்றுவிட்டது, பின் சொல்லுங்கள், ஓடிபி சொல்லுங்கள்’ என்று கேட்கிறவன் எந்த ஆபீஸ் பெயரைச் சொன்னாலும் வைத்துவிடு. ஏமாந்து பணம் போனால் உடனே 1930க்கு அடி, சைபர் மோசடிக்கான புகார் நம்பர் அது.

அடுத்ததைச் சொல்வதற்குத்தான் எனக்குத் தயக்கம். மாப்பிள்ளையிடமும் அந்த நாலு எண்ணைச் சொல்லாதே.

மாப்பிள்ளை இதைப் படித்தாலும் பரவாயில்லை, படிக்கட்டும். அவர் உழைக்கிற உழைப்பு எனக்குத் தெரியும். அவரைப் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேங்க் விதியே அப்படித்தான். பெங்களூரில் 2013இல் நடந்தது இது. பிரசவம் முடிந்து வீட்டில் இருந்த ஒரு பெண், கணவரிடம் கார்டையும் பின்னையும் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்து வரச் சொன்னார். மிஷின் சீட்டுக் கொடுத்தது, பணம் கொடுக்கவில்லை. கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. பேங்க் தர மறுத்தது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2018இல் தீர்ப்பு வந்தது. கணவராகவே இருந்தாலும் பின்னை இன்னொருவரிடம் கொடுத்தது தவறு என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். செல்ஃப் செக் கொடுத்து அனுப்பியிருக்கலாம், அதிகாரக் கடிதம் கொடுத்திருக்கலாம் என்றார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமையாகத்தான் தெரிகிறது. பச்சைக் குழந்தைக்காரி பேங்குக்கு எப்படிப் போவாள்? ஆனால் நாளைக்கு உனக்கு ஒன்று நடந்தால் உன்னிடமும் அதையேதான் சொல்வார்கள். மாப்பிள்ளைக்கு இதைச் சொல்லிக் காட்டு. கோபம் வந்தால் என் பெயரைச் சொல், ‘அப்பா பேங்க்காரர், அப்படித்தான் பேசுவார்’ என்று சொல்லிவிடு.

கவுன்ட்டரில் இருந்த வருஷங்களில் நான் பார்த்த இன்னொன்றும் உண்டு. மனைவியின் பாஸ்புக், அவள் கைநாட்டு வைத்த சீட்டு, கொண்டு வருவது மட்டும் புருஷன். ‘அவங்க வரலையா’ என்று கேட்டால் ‘உடம்பு சரியில்ல’ என்பார். மறுநாள் அந்த அம்மா வந்து, ‘என் கணக்கில் எவ்வளவு இருக்கு சார்’ என்று கேட்பார். ஏடிஎம் வந்த பிறகு நாங்கள் கேட்கிற அந்த ஒரு கேள்வியும் இல்லாமல் போயிற்று. வட்டிக்கு விடுகிறவர் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டுக் கார்டோடு மிஷின் முன்னால் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். எல்லாம் அடமானம். எல்லாவற்றுக்கும் பின் நம்பர் அவர் சட்டைப்பை டைரியில்.

போன மாதம் 17ஆம் தேதி, பெரியவளுக்கு ஸ்கூலில் ஏதோ கட்டணும் என்று ஐந்நூறு கேட்டாய். அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உன் அம்மா, ‘ரெண்டு நாள் முன்னாடிதானே அவளுக்குப் பணம் வந்திருக்கும்’ என்றாள். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. வீட்டுச் செலவுக்கே கொடுத்திருப்பாய், அது தப்பில்லை. நீ எடுத்து நீ கொடு என்கிறேன், அவ்வளவுதான். எடுத்த கையோடு மொத்தத்தையும் மாப்பிள்ளையிடமே கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். உன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம்பர் மாற்றிய மெசேஜ் உன் போனுக்கு வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. அதற்குப் பிறகு கார்டு மனு. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கு, எத்தனை மாதமாகப் போடவில்லையோ.

விலாசம் மாறுவதற்குள் கார்டு இங்கே வந்துவிட்டால் கூரியரில் அனுப்பமாட்டேன், நானே கொண்டு வருகிறேன். அம்மாவுக்கும் பேத்திகளைப் பார்க்க வேண்டுமாம், அவளும் வருவாள். ஏடிஎம்முக்கு நாம் இருவரும் போகலாம். நான் வெளியே நின்றுகொள்கிறேன், நீ உள்ளே போய்ப் போட்டுவிட்டு வா.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: பர்ஸில் ரேஷன் கார்டு இல்லையென்று நிச்சயமாகத் தெரியுமா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். டப்பாவில் ஒரு தடவை பார்த்துவிடு. அதுவும் போயிருந்தால் அதற்காக பேங்குக்குப் போக வேண்டாம், அதற்குப் பின் நம்பரும் கிடையாது. இ-சேவை மையத்தில் நகல் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதிலும் பதிவு செய்த போன் நம்பர் யாருடையது என்று பார்த்துக்கொள், ஓடிபி அதற்குத்தான் போகும்.