ஃபிளாட்டுக்கு டோக்கன் கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சிரு பாப்பா

பாப்பா,

நீ அனுப்பின ப்ரோஷர உங்கப்பா போன்ல பெருசு பண்ணிப் பண்ணி பாத்தேன். நீச்சல் குளம், ஜிம், மொட்டை மாடில தோட்டம், எல்லாம் அம்சமாத்தான் இருக்கு. போன்ல சொல்லலாம்னா நீ பாதிலயே "மீட்டிங் இருக்கும்மா"ன்னு வச்சிடுவ, மாப்ள பாவம் எது சொன்னாலும் "சரிங்கத்தை"ம்பாரு, அதான் உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோ. சென்னைக்கு திரும்பி வர்றது சந்தோஷம்தான், சொந்த வீடு வேணும்ங்கறதும் நியாயம்தான். வாங்காதன்னு சொல்ல வரல. பெரும்பாக்கத்துல, அவ்ளோ லோன் போட்டு, இந்த மாசக் கடைசிக்குள்ள வேணாம்ங்கறேன். அவ்ளோதான் விஷயம், மீதியெல்லாம் காரணம்.

உனக்கு சொல்லாம நானும் அப்பாவும் போய் பாத்துட்டு வந்தோம். ஏசி போட்டு மாடல் ஃபிளாட்டு காட்டினான் ஒரு பையன், நல்ல பையன்தான், மோர் எல்லாம் குடுத்தான். "தண்ணி நிக்கவே நிக்காது மேடம், ரோட்டுக்கு மேல நாலடி லெவல் ஏத்திட்டோம்"னான். நீ நாலடி ஏத்தினா அங்க நின்ன தண்ணி எங்கப்பா போவும்னு அப்பா கேட்டாரு, அவன் சிரிச்சுகிட்டே கார் பார்க்கிங் காட்ட கூட்டிட்டுப் போயிட்டான். வெளிய வந்து பக்கத்துத் தெருவுல ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரரு ஃபிரிட்ஜ ஹாலோ பிளாக் அடுக்கி இடுப்பு உயரத்துக்கு மேல வச்சிருக்காரு, பால் பாக்கெட் எடுக்க எட்டித்தான் எடுக்கறாரு. ஏங்க இப்படின்னு கேட்டா "மிக்ஜாம் புயல்ல ஒரு ஃபிரிட்ஜு போச்சும்மா, இது புதுசு"ன்னு சுவத்துல பெயிண்ட் உரிஞ்ச இடத்த காட்டினாரு. எனக்கு அந்த ப்ரோஷர விட அந்த ஹாலோ பிளாக்தான் நெறைய சொல்லுச்சு.

அந்த ஏரியா முழுக்க பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு தண்ணி வர்ற வழிடி. தெக்க இருக்கற ஏரியெல்லாம் ஒண்ணொண்ணா நெறஞ்சு, வழிஞ்சு, அங்க வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்ல விழுந்து முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போவணும். ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்த சதுப்பு, இப்ப மிஞ்சினது சில நூறு ஹெக்டேர்தான்னு சொல்றாங்க, மீதியில ஐ.டி கம்பெனி, காலேஜு, குப்பை மேடு, நம்ம அரசாங்க ஆபீஸுங்களே கூட இருக்கு. 2022-ல ராம்சார் தளம்னு, அதாவது உலக அளவுல காப்பாத்த வேண்டிய சதுப்புன்னு, அறிவிச்சாங்க. 2025 செப்டம்பர்ல பசுமைத் தீர்ப்பாயம் அந்த எல்லையிலருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள, எல்லைய சரியா அளந்து முடிக்கற வரைக்கும் புதுசா கட்டட அனுமதி குடுக்காதன்னு சி.எம்.டி.ஏ-வுக்கு சொல்லிருச்சு. அந்தப் பையன் இதப் பத்தி மூச்சு விடல. உன் ஃபிளாட்டு அந்த ஒரு கிலோமீட்டருக்கு உள்ளயா வெளியயா, அப்ரூவல் அதுக்கு முன்னாடி வாங்கினதா பின்னாடியா, இத எழுத்துல வாங்காம ஒரு ரூபா குடுக்காத. கேஸுல மாட்டின கட்டடத்துக்கு பேங்க்காரன் பாதில பணத்த நிறுத்திட்டான்னா நீ வாடகையும் கட்டணும் வட்டியும் கட்டணும்.

ஏரியில வீடு கட்டறது நேத்து வந்த பழக்கமும் இல்ல, பில்டர் மட்டும் பண்ற வேலையும் இல்ல. தி.நகரே 1920-கள்ல ஏரிய வத்த வச்சு போட்ட ஊருதான். ஹவுசிங் போர்டே முகப்பேர்ல "ஏரித் திட்டம்"னு பேரு வச்சே வீடு கட்டி வித்துச்சு. ஆனா அப்ப மிச்ச ஏரிங்க இருந்துச்சு, இங்க மூடினா தண்ணி அங்க போய் நின்னுச்சு. இப்ப போறதுக்கு இடம் இல்ல, அதான் 2015-லயும் 2023-லயும் வீட்டுக்குள்ள வந்துச்சு.

சரி, பத்திரத்துக்கு வரேன். எத்தனையோ வருஷம் பத்திரம் எழுதறவரு கிட்ட டைப் அடிச்சிருக்கேன், இதுல எங்கிட்ட யாரும் கதை விட முடியாது. அவங்க அனுப்பின ஃபைல்ல கிரயப்பத்திர டிராஃப்ட்டும் ரெரா நம்பரும்தான் இருக்கு. ரெரா நம்பர், அதான் ரியல் எஸ்டேட் ஆணையத்துல பதிஞ்ச நம்பர், வேணும், அது இல்லாம விளம்பரமே பண்ணக் கூடாது, அக்ரிமென்ட் பதியாம பத்து பர்சன்ட்டுக்கு மேல வாங்கக் கூடாது, உங்க கிட்ட வாங்கற பணத்துல 70 பர்சன்ட்ட தனி அக்கவுண்ட்டுல வச்சு அந்தக் கட்டடத்துக்கேதான் செலவு பண்ணணும். எல்லாம் நல்ல சட்டம். ஆனா மண்ணு யாருதுங்கறத நீதான் பாக்கணும். தாய்ப்பத்திரத்துலருந்து வரிசையா கேளு. வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டுப் பாரு, ஆன்லைன்லயே கிடைக்குது. வில்லங்கம் கிளீனா இருக்குன்னு மட்டும் நிம்மதியாயிடாத, பதிஞ்சதுதான் அதுல வரும், கோர்ட்டு கேஸும் பதியாத உயிலும் அதுல வராது. சர்வே நம்பர வச்சு கிராம வரைபடத்துலயும் ஏ ரிஜிஸ்டர்ங்கற கிராம நிலப் பதிவேட்டுலயும் அந்த இடம் என்னன்னு எழுதியிருக்கு, பக்கத்து நம்பர் என்ன, ஓடையா வாய்க்காலா மேய்க்காலான்னு பாக்கச் சொல்லு. நம்ம ஊர்ல 1989-லயே பொண்ணுங்களுக்கு பூர்வீக சொத்துல பங்கு வந்தாச்சு, ஆனாலும் நாலு அண்ணன் தம்பி கையெழுத்து போட்டு அக்காவ விட்டுட்ட பத்திரம் எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா, அப்புறம் அந்தம்மா பேரன் வந்து நோட்டீஸ் விடுவான். வாரிசு சான்றோட ஒவ்வொரு கையெழுத்தையும் ஒத்துப் பாக்கணும். பவர்ல விக்கறாங்கன்னா பவர் குடுத்தவரு உயிரோட இருக்காரான்னு கேளு, இது சிரிக்கற விஷயம் இல்ல.

யு.டி.எஸ், அதான் மொத்த மனையில பிரிக்காத உன் பங்கு, எவ்ளோன்னு நீ கேக்கவே இல்ல. ஃபிளாட்டுல நீ நெஜமா வாங்கற மண்ணு அதுதான். 1,100 சதுர அடின்னு விக்கறான், கார்ப்பெட் ஏரியா, அதான் சுவத்துக்குள்ள நீ புழங்கற இடம், எவ்ளோன்னு தனியா கேளு, லிஃப்ட்டு ரூமையும் மாடிப்படியையும் உன் தலையில கட்டியிருப்பான். அப்ரூவல் மட்டும் இருந்தா போதும்னும் நினைக்காத, 2014-ல மௌலிவாக்கத்துல 61 பேரு செத்தது அப்ரூவல் வாங்கின கட்டடத்துலதான். மண் பரிசோதனை ரிப்போர்ட் கேக்கறதுல வெக்கம் என்ன இருக்கு.

இப்ப பணம். 75 லட்சம்னு சொன்ன. பேங்க்கு 80 பர்சன்ட்டுதான் குடுப்பான், அது 60 லட்சம். எட்டரை பர்சன்ட்டு, 20 வருஷம்னு போட்டா மாசம் 52,000 சொச்சம் வருது, நீயே கால்குலேட்டர்ல போட்டுப் பாரு, முடிக்கறப்ப 1 கோடியே 25 லட்சம் கட்டியிருப்ப. கைக்காசு 15 லட்சம்தானேங்கற. கட்டிட்டு இருக்கற கட்டடத்துக்கு ஜி.எஸ்.டி 5 பர்சன்ட்டு, அது மூணே முக்கால் லட்சம். முதல் கிரயத்துக்கு முத்திரைத்தாள் 5, பதிவுக் கட்டணம் 2, அது அஞ்சே கால் லட்சம். முத்திரைத்தாளுக்கும் பதிவுக்கும் லோன்ல இடம் கிடையாது, ஜி.எஸ்.டிக்கும் குடுப்பாங்கன்னு நம்பி இருக்க முடியாது. ஆக 24 லட்சம் கையிலருந்து போவுது, அப்புறம் கார் பார்க்கிங், கார்ப்பஸ் ஃபண்டுன்னு அபார்ட்மென்ட்டு பொது நிதி, கபோர்டு, ஃபேன், கிரகப்பிரவேசத்துக்கு உங்க பெரியப்பா வீட்டுக்கு வேட்டி சேலை. ரெண்டு பேரு சம்பளத்தையும் வச்சு ஈ.எம்.ஐ போட்டிருக்க. நாளைக்கு குழந்தை வந்து நீ ஒரு வருஷம் வீட்டுல இருக்கணும்னா? கம்பெனில ஆள் குறைக்கறோம்னு மெயில் வந்தா? ஒருத்தர் சம்பளத்துல அடைக்க முடியற ஈ.எம்.ஐதான் உங்களுக்கு தாங்கும்.

தண்ணியும் கேளு. 2019 ஜூன்ல ஊருக்கு தண்ணி குடுக்கற ஏரியெல்லாம் காஞ்சு போச்சே, அப்ப ஓ.எம்.ஆர்ல பாதி அபார்ட்மென்ட்டு லாரித் தண்ணியிலதான் ஓடுச்சு. மழையில இடுப்பளவு, வெயில்ல குடம் குடமா காசு. மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன் இருக்கா, பாதாள சாக்கடை இருக்கா, இல்ல கழிவு லாரியா, மெயின்டனன்ஸ் எவ்ளோ, அங்க ஏற்கனவே குடியிருக்கறவங்க கிட்ட கேட்டா சொல்லிடுவாங்க, சேல்ஸ் ஆபீஸ்ல கேட்டா சொல்ல மாட்டாங்க.

நம்ம வில்லிவாக்கம் வீட்ட நீ எப்பவும் தீப்பெட்டிம்ப. அது எப்படி வந்துச்சுன்னு உனக்கு சரியா தெரியாது. 1977-ல உலக வங்கிக் கடன்ல ஒரு திட்டம் போட்டாங்க, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூணு இடத்துல. வீடு கட்டித் தர்றேன்னு சொல்லல. சின்னச் சின்ன மனையா பிரிச்சு, ரோடு, தண்ணி, சாக்கடை, கரென்ட்டு போட்டு, ஏழைங்களுக்கு குடுத்த மனையில கக்கூஸும் கொஞ்சம் சுவரும் மட்டும் எழுப்பி, மேல நீயே கட்டிக்கோன்னு தவணையில விட்டாங்க. பெரிய மனையும் கடை மனையும் நல்ல விலைக்கு வித்து சின்ன மனை விலைய குறைச்சாங்க. உங்க தாத்தாவுக்கு ஒரு சென்ட்டுக்கு கொஞ்சம் மேல கிடைச்சுது. முதல்ல ஓலை, அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ், உங்கப்பா வேலைக்குப் போன பிறகு கான்கிரீட்டு, நீ பொறந்தப்பறம் மாடி. காசு வர்றப்ப ஒரு ரூமு, வராதப்ப சும்மா இருந்தோம், எந்த பேங்க்காரனும் கதவ தட்டல. ரயில்வே ஸ்டேஷன் நடந்து போற தூரம், ஸ்கூல் பக்கத்துல. அந்த மாதிரி மனைத் திட்டம் ஒண்ண இப்ப மெட்ரோ ரெண்டாம் கட்டம் 119 கிலோமீட்டருக்கு போடறாங்களே, அந்த ஸ்டேஷனுங்க பக்கத்துல போட்டா உன்ன மாதிரி பசங்க ஏன் சதுப்புல போய் நிக்கப் போறீங்க. சென்னையோட ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான், அடுத்தது 2046 வரைக்கும்னு தயார் பண்றாங்க, மக்கள் கிட்ட கருத்து கேட்டப்ப நானும் இதத்தான் எழுதிக் குடுத்தேன், படிச்சாங்களோ இல்லயோ.

இன்னொண்ணு. நம்ம தெருவுக்கு பூ கொண்டு வர்ற அக்காவ ஞாபகம் இருக்கா, கூவம் கரையில இருந்தாங்களே. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அவங்கள எடுத்து பெரும்பாக்கத்துல குடிசை மாத்து போர்டு வீட்டுல போட்டாங்க, எட்டு மாடி. வெள்ளத்துலருந்து காப்பாத்தறோம்னு சொல்லி கொண்டு போய் விட்ட இடம் அது. பட்டாவுக்கு பதிலா ஒரு ஒதுக்கீட்டு ஆர்டரு. பூ வியாபாரம் இங்க, வீடு அங்க, கோயம்பேடு போய் பூ எடுக்கணும்னா முதல் பஸ்ஸே பத்தாது. இப்ப அவங்க பாதி நாள் தங்கச்சி வீட்டுத் திண்ணையிலதான் படுக்கறாங்க. நீ பாக்கற ஃபிளாட்டோட பால்கனியிலருந்து அந்த பில்டிங்குங்க தெரியும்டி, அந்தப் பையன் அந்தப் பக்கம் ஸ்கிரீன் போட்டு மூடி வச்சிருந்தான். எனக்கு அது பிடிக்கல.

என் யோசனை இதுதான். முதல்ல வாடகைக்கு வாங்க. நீ பாத்த அதே சைஸு அந்தப் பக்கமே 24, 25 ஆயிரத்துக்கு கிடைக்குதுன்னு புரோக்கர் சொன்னாரு, ஈ.எம்.ஐல பாதி கூட இல்ல, மிச்சத்த ஆர்.டில போட்டுகிட்டே வா. ஒரு ஐப்பசி கார்த்திகை இங்க இருந்து பாரு, எந்தத் தெருவுல படகு விடறாங்கன்னு தெரிஞ்சிரும். வாடகைக்கு இருந்தா துரத்திடுவாங்கன்னு பயப்படற, முன்ன மாதிரி இல்ல, 2019-லருந்து புது வாடகைச் சட்டம் நடைமுறையில இருக்கு. ஒப்பந்தம் எழுத்துல போட்டு பதிஞ்சு நம்பர் வாங்கணும். வேற மாதிரி பேசி எழுதலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான், பத்து மாசம் கேட்டா சட்டத்த காட்டு. பதினோரு மாசத்துக்கு போடாத, மூணு வருஷத்துக்கு போடு, வருஷத்துக்கு எவ்ளோ ஏத்தலாம்னும் அதுலயே எழுதிடு. லீஸுக்கு பத்து லட்சம் குடு வாடகை வேணாம்னு யாராவது ஆசை காட்டினா, அந்த வீட்டு மேல லோன் இருக்கான்னு பாக்காம போவாத.

வாங்கறதுன்னா வடக்குப் பக்கமும் பாருங்களேன், கொளத்தூர், அம்பத்தூர், ஆவடி லைனு. "அய்யே அந்தப் பக்கமா"ன்னு மூஞ்ச சுளிக்காத, நீ வளந்த ஊருதான். அங்கயும் ஏரி இருக்கு, கொரட்டூர்லயும் தண்ணி ஏறும், அதனால தெரு தெருவா விசாரிக்கணும். பழைய ஃபிளாட்டுன்னா ஜி.எஸ்.டி கிடையாது, யு.டி.எஸ் அதிகமா இருக்கும், தண்ணி வந்துச்சா வரலயான்னு சுவரே சொல்லிடும். ஈ.சி.ஆர் வேணாம், அழகுதான், ஆனா கடற்கரை விதி ஒரு பக்கம், போர்வெல் தண்ணியில உப்பு ஒரு பக்கம்.

டோக்கன் அம்பதாயிரம் கட்டிட்டேன்னு மட்டும் சொல்லிடாத. கட்டலன்னா அந்த ஆளு கிட்ட தாய்ப்பத்திரம் நகல், சர்வே நம்பர், சி.எம்.டி.ஏ அப்ரூவல் தேதி மூணும் மெயில்ல கேளு, எனக்கு அனுப்பு. நான் பிரிண்ட் எடுத்து நம்ம வக்கீல் அண்ணன் கிட்ட குடுக்கறேன், அவரு ஃபீஸ் வாங்காம பாக்க மாட்டாரு, அத நான் குடுத்துக்கறேன். ஆஃபர் மாசக் கடைசியோட முடியுதுன்னு சொன்னா முடியட்டும், அடுத்த மாசம் வேற பேருல வரும்.

மாப்ளைக்கு இருமல் நின்னுச்சான்னு எழுது. புழுங்கல் அரிசியும் வத்தலும் பார்சல் போட்டிருக்கேன், வந்துச்சுன்னா சொல்லு.

அம்மா