இனிச் சாவி கொடுக்க மாட்டேன், அண்ணே

அண்ணே,

நவம்பர் 30 வருகிறது. 2017-இல் ஒக்கிப் புயல் கடலில் என்ன செய்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நடந்ததில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. வள்ளவிளையில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நீ கழற்றி வைத்துவிட்டுப் போன வாட்ச் மாதா படத்துக்குக் கீழே இருந்தது. அப்பாவின் ஹெச்எம்டி ஜனதா மாதிரியே இருக்கிறதென்று ஆசைப்பட்டு நீ வாங்கிய புது வாட்ச். வெள்ளை டயல், மேடிட்ட கண்ணாடி, தோல் வார், தினமும் சாவி கொடுக்க வேண்டும். அப்பாவும் கடலுக்குப் போகும்போது ஜனதாவை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். உன்னுடையதற்கும் காலை ஜெபம் முடிந்ததும் அம்மாதான் சாவி கொடுப்பாள். புயலுக்கு அப்புறம் ஒரு காலையில் அதை எடுத்தாள், திருகைப் பிடித்தாள், விரல் ஓடவில்லை. பேசாமல் என்னிடம் நீட்டினாள். நான் சுற்றினேன். இறுகிய பிறகும் சுற்றினேன். ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று கத்திவிட்டாள். அது நின்றுபோனால் என்ன என்பதை இருவருமே நினைத்தோம், இருவருமே சொல்லவில்லை.

அந்த நாட்களில் யார் வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். சில வீடுகளுக்கு ஆள் திரும்பவேயில்லை. நீ மகாராஷ்டிராவில், தேவ்கட்டில் கரையேறிய செய்தி வந்த பிறகும், டிசம்பர் 7 அன்று ரயில் மறியலில் குழித்துறைத் தண்டவாளத்தில் அந்த வீட்டாரோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

2018-இல் உனக்கு அந்த சீகோ வாட்ச்சை வாங்கியது அதற்காகத்தான். 200 மீட்டர் வரை தாங்கும், முக்குளிப்போர் வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம். திருகை மரை போட்டு மூடலாம். மேல் வளையம் இடப்பக்கமாக மட்டும்தான் திரும்பும். கைபட்டு நகர்ந்தாலும் மூழ்கியிருந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர, குறைத்துக் காட்டாது. கட்டியிருக்கிறவன் உயிரை நினைத்துச் செய்தது, அண்ணே. உன் வெள்ளை டயல் வாட்ச்சின் முதுகில் 30 மீட்டர் என்று போட்டிருப்பது தெறிக்கிற தண்ணீருக்குத்தான். அதைக் கட்டிக்கொண்டு நீந்தக்கூட முடியாது.

நீ என்ன செய்தாய்? “போட்டுல ஜிபிஎஸ்ல மணி தெரியுதே மக்களே” என்று சிரித்தாய். சீகோவைக் கல்யாண வீடுகளுக்குக் கட்டினாய். கடலுக்குப் போகும்போது பழையபடி அந்த வெள்ளை டயலைக் கழற்றி இப்போது மைனி கையில் கொடுக்கிறாய். அது அழகான வாட்ச்தான், உன் கைக்கு அப்பா கையின் சாயலே வந்துவிடுகிறது. ஆனால் அது வீட்டில் விட்டுப் போவதற்கென்றே இருக்கிற வாட்ச். பெண்கள் தினமும் சாவி கொடுத்து, பயத்தையும் அதோடு சேர்த்துச் சுற்ற வேண்டும். சீகோவுக்குச் சாவியே கிடையாது. கட்டியவன் கை அசைகிற வரை ஓடும், கழற்றி வைத்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்: உன் கையோடு போய் உன் கையோடு வருகிற ஒன்று.

உன்னைக் கேட்காமல் பீரோவிலிருந்து அதை எடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள். ஆனால் நின்றே கிடந்தது, அதுவும் என் சம்பளத்தில் வாங்கியது. இப்போது பள்ளிக்கூடத்துக்கு நான் கட்டிப் போகிறேன். அடுத்த முறை தேங்காப்பட்டணத்தில் போட் ஏறும் முன் நீ கேட்டால் அங்கேயே கழற்றித் தருவேன். கேட்காவிட்டால் என்னிடமே இருக்கட்டும். வெள்ளை டயலுக்கு நான் இனிச் சாவி கொடுக்க மாட்டேன். மைனியிடமும் சொல்லிவிட்டேன்.